மீன் விற்க மறுத்த பாய்

ஆம்பூரில் எத்தனையோ கடைகள் உண்டு. வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே தினமும் காலை பத்து மணிக்குக் கடை திறந்த ஒரே மனிதர் ரிஜெக்ட் பாய்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். தையலில் ஓர் இழை விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவார். ஓய்வு பெற்றதும் வண்ணமீன் கடை வைத்தார். அதன்பிறகு ஷூவை விட்டுவிட்டு மனிதர்களை ரிஜெக்ட் செய்ய ஆரம்பித்தார்.

மகள் பிறந்தநாளுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்கமீன் கேட்டு ஒருவர் வந்தார். "பக்கெட்டுக்குள்ள நீ ஒரு மாசம் குந்திக்கினு இருப்பியா? இருந்துட்டு வா, தர்றேன்" என்றார் பாய். வாஸ்துவுக்காகச் சிவப்பு மீன் தேடி வந்தார் இன்னொருவர். "சிவப்புதான வேணும்? நாலு தக்காளி வாங்கிப் போடு. சாவாது."

இவரிடம்தான் நான் போய் நின்றேன். காரணம், என் மனைவி ஸ்டெல்லா. அவள் நர்ஸ். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை, பிரசவம் வரை படுக்கையைவிட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் வார்டில் ஓடிக்கொண்டிருந்தவள், மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். "எதுனா உசிரோட அசையறதப் பாத்துக்கினு இருந்தா நல்லாருக்கும்" என்றாள் ஒருநாள். உடனே கட்டிலுக்கு எதிரே ஓர் இரண்டடித் தொட்டி வாங்கி வைத்துவிட்டு, மீன் பட்டியலோடு பாய் கடைக்குப் போனேன்.

பாய் முதலில் என் காலைப் பார்த்தார். "லெஃப்ட்ல சோல் வாயைத் தொறந்துக்கினு கீது." பிறகு பட்டியலைப் பார்த்தார். ஏஞ்சல், டைகர் பார்ப், தங்கமீன், நியான் டெட்ரா.

"இன்னா சார் இது, மீன் தொட்டியா, பஸ் ஸ்டாண்டா? டைகர் பார்ப்புக்கு அடுத்தவன் வாலைக் கடிக்கலன்னா தூக்கம் வராது. ஏஞ்சல் வளந்துச்சுன்னா நியானை முழுங்கிடும். தங்கமீனு இருக்கற செடியெல்லாம் மேஞ்சிடும், அதுக்கு இந்தத் தொட்டியும் பத்தாது. நியானுக்கு நம்ம ஊர் போர் தண்ணி ஒத்துக்காது. போய்ட்டு வாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் கேள்வியே கேட்காமல் பட்டியல் முழுவதையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் செடிகளும் வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் ஏஞ்சலின் துடுப்பு கந்தலாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை ஸ்டெல்லா கண் விழித்தபோது அது மிதந்துகொண்டிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்ல எதுவுமே தங்காதா?"

பாயிடம் ஓடினேன். தொட்டி எதற்கு, யாருக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நின்றேன். பாயோ பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடினார். இரண்டு பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். வழியெல்லாம் "ஸ்பீடு பிரேக்கரு, ஸ்பீடு பிரேக்கரு!" என்று அவர் போட்ட கூச்சலில் ஆம்புலன்ஸுக்கு விலகுவதுபோல ஆட்டோக்கள் விலகின.

வீட்டுக்கு வந்ததும் வேலூர் மீன்கள் ஒரு பக்கெட்டுக்குப் போயின. பிளாஸ்டிக் செடியை விரலால் தடவிப் பார்த்து, "செடியா இது? ரம்பம்" என்று வெளியே வீசினார். அனுபியாஸ் செடியை ஒரு மரத்துண்டில் நூலால் கட்டினார். "இதோட கெழங்கை மண்ணுல பொதைக்கக் கூடாது, அழுகிடும்." பின்வரிசையில் ரிப்பன்போல நீண்ட வாலிஸ்னேரியா செடி. "இது நம்ம தண்ணியிலயும் வளரும்." கடைசியாக இன்னொரு பக்கெட்டிலிருந்து கப்பி மீன்கள், ஆண் இரண்டு, பெண் நான்கு. "ஆம்பள ஜாஸ்தியானா பொம்பளைங்களத் தொரத்தித் தொரத்திப் பேஜார் பண்ணுவானுங்க."

கிளம்பும்போது அறை வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

"அந்த மீனு செத்தது இந்த ஆளோட தப்புமா. வீட்டோட தப்பு இல்ல."

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் ஸ்டெல்லா சிரித்தாள்.

மூன்று வாரத்தில் கப்பி குட்டி போட்டது. ஸ்டெல்லா படுத்தபடியே எண்ணினாள். பதினான்கு. மறுநாள் பதினொன்றுதான் இருந்தது. அவள் முகம் வாடிவிட்டது. கப்பி தன் குஞ்சைத் தானே தின்னும் என்பது எனக்கே தெரியும். பாயிடம் சொன்னேன். ஃபில்டர் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "செடிக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும்மா. சாயங்காலம் எண்ணிப் பாருங்க."

சாயங்காலம் சரியாகப் பதினான்கு!

அதிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை பாய் வந்தார். எங்கள் ஃபில்டருக்கு அப்படி என்ன நோய் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று குஞ்சுகள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். ஒரு நூல் பிசிறுக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர், திருடனைப்போல முழித்தார். சட்டை முழுக்க ஈரம்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலமாக வீடு வந்து சேர்ந்த பிறகு, ஸ்டெல்லாவிடம் அந்த ரகசியத்தைச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். காலையில கொசு மாதிரி இருந்த குஞ்சு சாயங்காலத்துக்குள்ள அரை இன்ச்சு வளந்துடுமா?"

"தெரிஞ்சுமா தெனமும் எண்ணிக்கினு இருந்த?"

"அவ்ளோ வெயில்ல பாக்கெட்டுல தண்ணிய ஊத்திக்கினு வர்றாரு. நா எண்ணலன்னா அவருக்கு மனசு கஷ்டமாயிடாது?"

பாய் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. படிக்கிறவர்கள் யாராவது அவர் கடைப் பக்கம் போனால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.