டிஸ்க் பிஸி

ஆபீசில் அவருக்குப் பேர் ரூட்டு. யூனிக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் அமைப்பில் சர்வ அதிகாரமும் உள்ள யூசருக்கு அந்தப் பேர். சர்வர் அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில்? சாதா யூசர். அதுவும் மேலிடத்து அனுமதியோடு.

அப்பேர்ப்பட்ட ரூட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சபதம் எடுத்தார். தலையே போனாலும் சகலை வீட்டுக்குப் போவதில்லை. சகலையின் சிறுநீரகக் கல் எப்போதோ வெளியே வந்துவிட்டது. அதன் கதைதான் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ரூட்டு அதை எக்ஸ்ரே படத்தோடு கேட்டவர்.

ஆனால் மனைவி விடுவதாயில்லை. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்கை இயக்குகிற கன்ட்ரோலர் பழுதாகி, அதோடு பேசமாட்டேன் என்று படுத்துவிட்டது. அக்கா மகளின் கல்யாண போட்டோக்களை ரூட்டுதான் மீட்டு, கையில் எடுத்துப் போகிற டிஸ்க் ஒன்றில் போட்டிருந்தார். அதை இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

யூனிக்ஸில் டிஸ்கை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. 'விடு' என்று கட்டளை போட வேண்டும். உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் அது விடாது, 'பிஸி' என்றுவிடும். ரூட்டு என்ன செய்தார்? திரையில் ஒரு குட்டி ஜன்னலைத் திறந்து, அதன் வழியாகத் தானே டிஸ்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலைச் சுருக்கி ஒளித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, விடச் சொன்னா பிஸிங்குது."

"எப்ப விடும்?"

"அது அதோட இஷ்டம். பிடுங்கினா அத்தனை போட்டோவும் போச்சு. நீ போயிட்டு வா, நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

"பாவம், தூங்காம பாத்துக்கணுமே."

"கடமைன்னு ஒண்ணு இருக்கே."

"சரி, மொதல்ல குளிச்சிட்டு வாங்க."

ரூட்டு பாடிக்கொண்டே குளித்தார். வெளியே வந்தபோது மனைவி போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, டிஸ்க் வரமுடியலன்னா என்ன, நாங்க வர்றோம்னுட்டா அக்கா. அத்தானுக்கு லீவாம். புதன்கிழமை வரைக்கும் இங்கதான்."

ரூட்டு ஈரத் தலையோடு பாய்ந்து, ஒளித்த ஜன்னலை மூடி, கட்டளையைப் போட்டார்.

"விட்டுடுச்சும்மா. இதோ பாரு. கெளம்பு, நாமளே போயிடலாம்."

"அவங்க கார்ல ஏறியாச்சு." அவள் நிதானமாகத் தலையணைகளுக்கு உறை மாட்டத் தொடங்கினாள். "டிஸ்கை யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு கேக்கறதுக்கு ஒரு கட்டளை சொல்லிக் குடுத்தீங்களே, நீங்க குளிக்கறப்ப அதைப் போட்டுப் பாத்தேன்."

"என்ன சொல்லிச்சு?"

"உங்க பேரைச் சொல்லிச்சு."

சகலை வந்தார். நேராக ரூட்டின் சுழல் நாற்காலியில் அமர்ந்தார். "அன்னைக்கு லேசாத்தான் வலிச்சுது" என்று ஆரம்பித்தார். ரூட்டு, காப்பாற்று என்று மனைவியைக் கண்ணால் கெஞ்சினார்.

காபியை நீட்டுகிற சாக்கில் அவள் குனிந்து அவர் காதில் சொன்னாள்: "அத்தான் பிஸி. பிடுங்கக் கூடாது."