தைரியமாத்தான் வெட்டினேன்

எதிர் வீட்டுச் சரசக்காவோட சேலை மேசை மேல கிடக்குது. அதோட முந்தி என் கையில இருக்குது. காலையில ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

அம்மா வீட்டுலயே ஜாக்கெட் தைக்கறவங்க. லைனிங் துணி வாங்க திருச்செங்கோடு கிளம்பறப்ப, "சேலையில இருந்து ஜாக்கெட் பிட்டை மட்டும் வெட்டி வெச்சிரு"ன்னாங்க. பன்னெண்டாவதோட படிப்பை விட்டுட்டு சும்மா இருக்கறவன் நான். இதெல்லாம் ஒரு வேலையான்னு நினைச்சேன்.

வெட்டறப்ப போன்ல ஓடின வீடியோவுல ஒரு அம்மா பேசிட்டிருந்தாங்க. பொம்பளைங்க யாரும் வராத காலத்துலயே துணி டிசைன் பண்ண வந்த முதல் ஆளாம். வாழ்க்கைப் பாடம் சொல்லிட்டிருந்தாங்க. "யோசிச்சுக்கிட்டே நின்னா கத்தரி துருப்பிடிச்சிரும். தைரியமா வெட்டுங்க."

வெட்டிட்டேன்.

அந்தச் சேலையில முந்தியும் மெரூன், ஜாக்கெட் பிட்டும் மெரூன். ஒண்ணு இந்த முனை, இன்னொண்ணு அந்த முனை. நான் ஒரு முனையைத்தான் பார்த்தேன். ஜாக்கெட்டுக்கு எதுக்கு இவ்வளவு ஜரிகைன்னு ஆச்சரியம் வேற பட்டேன்.

அம்மா வந்து பார்த்தாங்க. திட்டலை. அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அதுதான் பயமா இருந்துச்சு.

"இது அவங்க அண்ணன் எடுத்துக் குடுத்ததுடா. வரப்புச் சண்டையில ரெண்டு வருசமா பேச்சே கிடையாது. இப்பத்தான் பொறந்த ஊட்டுச் சேலைன்னு கொண்டாந்து குடுத்திருக்காரு. நாளைக்குத் தன் புள்ள நிச்சயத்துல அக்கா இதைக் கட்டலைன்னா, அவரு பந்தியில உக்காருவாரா?"

"தப்பையே அழகாக்கலாம்னு அந்த டிசைனர் சொன்னாங்கம்மா."

"அந்தம்மா ஊட்டுக்கு எதுத்தாப்புல சரசக்கா குடியிருக்காளா?"

அப்புறம் அம்மாவே முந்தியைச் சேலையோட ஒட்டித் தச்சு, தையல் வெளிய தெரியாம இருக்க மேல தங்கக் கலர் லேஸ் வெச்சாங்க. ஜாக்கெட் பிட்டையும் அவங்களே வெட்டி, ஜாக்கெட்டையும் தச்சு முடிச்சாங்க.

"நேரா வெட்டியிருக்கறே. அது ஒண்ணுதான் உருப்படி. சாயங்காலம் நீயே கொண்டுபோய்க் குடு. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளு."

போனேன். சரசக்கா பிரிச்சுப் பார்த்தாங்க.

"இதென்ன சாமி, முந்தியில லேஸு?"

"இப்ப இதுதானுங்க பேஷன்."

மறுநாள் நிச்சயத்துல அவங்க அண்ணன் பந்தியில உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டாரு. எழுந்து கை கழுவிட்டு வந்து, தங்கச்சி முந்தியை உத்துப் பார்த்தாரு.

"ஏனம்மிணி, நான் எடுத்தப்ப இது இல்லியே?"

"நீங்க குடுத்த சேலையாச்சேன்னு தனியா வெச்சுத் தைக்கச் சொன்னனுங்ணா."

மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. தண்ணி ஊத்திட்டிருந்த நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். சரசக்காவும் லேசுப்பட்ட ஆளு இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு, அந்த அண்ணன் சம்சாரம் தன்னோட கல்யாணப் பட்டுச் சேலையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க.

"தம்பி, இதுக்கும் அதே மாதிரி வெச்சுக் குடு. வெட்டித்தான் வெக்கணும்னாலும் போச்சாது, பரவால்ல, வெட்டிக்க."

அம்மா என் காதுகிட்ட வந்து, "இப்பவாச்சும் வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லித் தொலை"ன்னாங்க.

வாயைத் தொறந்தேன்.

"எந்தக் கலர் லேஸுங்க வேணும்?"