பெரெலூக் தானாக முன்வந்த கதை

உலகில் மற்ற நாடுகள் எல்லாம் அக்கம்பக்கத்தைப் பிடித்துத்தான் பெரிதாயின. ரஷ்யா மட்டும் சேகரித்துப் பெரிதானது. எங்கள் பாடநூல்களில் இதற்கு 'நிலங்களைச் சேகரித்தல்' என்று பெயர். காளான் சேகரிப்பது போலத்தான். மாஸ்கோ என்ற சிறிய சமஸ்தானம் கூடையோடு காட்டுக்குள் போனது. திரும்பி வந்தபோது கூடையில் சைபீரியா இருந்தது. 'பறித்தது' என்று யாரும் எழுதுவதில்லை. அந்தச் சொல் காளானுக்கு மட்டும்.

இதில் பேராசை ஏதுமில்லை. எல்லாம் பாதுகாப்புக்காக. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றால் ஆபத்து. சேகரித்தார்கள். அடுத்து ஆறு வந்தது. ஆற்றுக்கு அக்கரை இருந்தது. அக்கரை என்று ஒன்று இருந்தால் மாஸ்கோவுக்கு அக்கறை வந்துவிடும். அதையும் சேகரித்தார்கள். இளவரசர் மகா இளவரசரானார், பிறகு ஜார், பிறகு பேரரசர். பட்டம் நீள நீள வேலி தள்ளிப் போனது. கடைசியில் பசிபிக் கடலில் கால் நனைந்தபோதுதான் ஒருவர் நின்று, "இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாராம். அலாஸ்கா இருந்தது.

எங்கள் பெரெலூக், கூடையில் முதலில் விழுந்த காளான்களில் ஒன்று. ஒரு காலத்தில் நாங்களும் தனிச் சமஸ்தானம். இளவரசர் இருந்தார். வாத்துகள் இருந்தன. ஊர்க்கூட்டத்துக்கு அழைக்கும் பெரிய மணி இருந்தது. ஒரு பனிக்காலத்தில் மாஸ்கோ தளபதி படையோடு வந்து வாசலில் நின்றார். நெடுந்தூரம் குதிரையில் வந்த மனிதர், முகம் வாடியிருந்தது. வாசலில் நின்ற ஒரு பெண், சாப்பிட்டாரோ என்னவோ என்று இரக்கப்பட்டு, ஒரு துண்டு ரொட்டியில் உப்பைத் தூவிக் கொடுத்துவிட்டாள்.

தீர்ந்தது கதை. எங்கள் நாட்டில் ரொட்டியும் உப்பும் கொடுத்தால் 'வருக வருக' என்று பொருள். பெரெலூக் தானாக முன்வந்து சேர்ந்ததாகப் பதிவாயிற்று. இளவரசர் தாமாக முன்வந்து மடத்தில் துறவியானார். வசதியான குடும்பங்கள் தாமாக முன்வந்து, கைகள் கட்டப்பட்ட நிலையில், வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தன. மணி தானாக முன்வந்து பனிச்சறுக்கு வண்டியில் ஏறியது.

மணியின் நாக்கு மட்டும் முன்வரவில்லை. யாரோ அதைக் கழற்றி முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் போட்டுவிட்டார்கள். தலைநகருக்கு ஊமை மணி போய்ச் சேர்ந்தது. நாக்கு எங்களிடம் தங்கியது. எங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான். ஆள் உயர இரும்பு நாக்கு. முகர்ந்தால் இன்றும் புளிப்பு வாசனை வரும். நான் அங்கே விளக்கக் குறிப்பு எழுதுகிறவன். என் மனைவி இருந்தவரை சனிக்கிழமைதோறும் அவள்தான் நாக்கைத் துடைப்பாள். இப்போது நான் துடைக்கிறேன்.

இந்த ஆண்டு 'தானாக முன்வந்த' ஐந்நூறாம் ஆண்டு. நகரத் தலைவர் அர்கிப் சவெல்யெவிச் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்.

"நல்ல சேதி. இத்தனை வருஷமா சேகரிச்சதையெல்லாம் தலைநகர்ல ஒரே மண்டபத்துல வைக்கப்போறாங்க. நாம நாக்கைக் கொடுக்கிறோம்."

"யார் சொன்னா?" என்றார் அருங்காட்சியகக் காப்பாளர் கிளாஃபிரா பகோமோவ்னா.

"நாமதான் சொன்னோம். தானா முன்வந்து."

"எப்ப சொன்னோம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"மணியைக் கொண்டாந்து இங்க மாட்டச் சொல்லுங்க. நாக்கு தன்னால ஆடும். எங்கம்மா காத்தது, நான் காத்தது. தரமாட்டேன்."

"பாதுகாப்புக்குத்தான் கேக்கறாங்க."

"யார்கிட்டேருந்து பாதுகாப்பு?"

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "அது பாதுகாப்பு ரகசியம்."

வெளியே வந்ததும் கிளாஃபிரா பகோமோவ்னா என் சட்டையைப் பிடித்தார். "ஏம்ப்பா மகார், நீ வரலாறு படிச்சவன்தானே? அன்னிக்கு நம்ம ஜனங்க எங்க கோட்டைவிட்டாங்க?"

"ரொட்டியில்."

"அப்ப ரொட்டியே கண்ணுல படக்கூடாது."

வெள்ளிக்கிழமை பெரெலூக் நகரம் ரொட்டியில்லாமல் விடிந்தது. ரொட்டிக் கடையில் 'அடுப்பு பழுது' என்று பலகை தொங்கியது. வீடுகளில் உப்பு ஜாடிகள் பீரோவுக்குள் போயின. ஒரு பேரரசை எதிர்த்து இத்தனை ஒழுங்கோடு எந்த நகரமும் பட்டினி கிடந்ததில்லை.

தலைநகரின் பிரதிநிதி ரோடியோன் கிரில்லொவிச் ஒரு லாரியோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். ஒல்லியான இளைஞர். மிகவும் மரியாதையானவர். அருங்காட்சியக வாசலில் கிளாஃபிரா பகோமோவ்னா குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாக்கை எடுத்துட்டுப் போகவா வந்தே, தம்பி?"

"எடுக்கலம்மா. நீங்க தர்றீங்க."

"நான் தரலையே."

"இன்னும் தரல. அதனாலதான் காத்திருக்கேன்."

படியில் உட்கார்ந்தார். மதியம் தாண்டியது. புகைப்படக்காரர் தூங்கிவிட்டார். திடீரென்று ஓர் உறுமல் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லம்மா. வயிறு."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

"வெறும் டீயா? யார் பெத்த பிள்ளையோ, குச்சி மாதிரி இருக்கு. உங்க ஆபீஸ்ல சோறு போடமாட்டாங்களா?"

"கிளாஃபிரா பகோமோவ்னா, வேண்டாம்," என்றேன்.

"நீ சும்மா இரு. நீ மட்டும் ஒழுங்கா சாப்பிடறியாக்கும்? பொண்டாட்டி போனதுலேருந்து பூனைக்கு வச்ச பாலைக் குடிச்சிக்கிட்டுத் திரியற."

பையைத் திறந்தார். அவருடைய மதிய உணவு உள்ளே இருந்தது. ஊருக்குத் தடை போட்டவர் தன் பையை மறந்துவிட்டார். அவித்த முட்டை, அதற்கு ஒரு பொட்டலம் உப்பு, வெள்ளரி ஊறுகாய், கறுப்பு ரொட்டி. முட்டையை மட்டும் நீட்டியிருந்தால் வரலாறு திரும்பியிருக்கும். ரொட்டியை நறுக்கினார். பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார். பூவேலை செய்த கைத்துண்டில் வைத்து நீட்டினார்.

புகைப்படக்காரர் விழித்திருந்தார்.

"தானா முன்வந்து," என்றார் ரோடியோன் கிரில்லொவிச், வாய் நிறைய ரொட்டியோடு. "ரொம்ப நல்லாயிருக்கும்மா. இன்னொரு துண்டு கிடைக்குமா?"

கிளாஃபிரா பகோமோவ்னாவுக்கு நடந்தது புரிவதற்குள் கை நீண்டுவிட்டது. முதல் துண்டுக்கு நாக்கு லாரியில் ஏறியது. இரண்டாவது துண்டுக்குக் கண்ணாடிப் பெட்டியும் ஏறியது.

மறுநாள் சனிக்கிழமை. துணியோடு போனேன். சுவரில் என் விளக்கக் குறிப்பு தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு வந்தேன்.

இலையுதிர் காலத்தில் நானும் கிளாஃபிரா பகோமோவ்னாவும் தலைநகருக்குப் போனோம். இந்த முறை அவர் பையில் எதுவும் எடுத்துவரவில்லை. மண்டபம் பிரமாதம். சேகரித்த மகுடங்கள், சேகரித்த வாள்கள், சேகரித்த வாயிற்கதவுகள். ஒரு மூலையில் எங்கள் மணி. எதிர்மூலையில் எங்கள் நாக்கு. நடுவே கயிறு. கயிற்றுக்கு ஒரு காவலர்.

"ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்தாச்சு," என்றார் கிளாஃபிரா பகோமோவ்னா. "இன்னும் ஏன் மாட்டல?"

"மாட்டினா சத்தம் வரும்மா," என்றார் காவலர்.

"மணின்னா சத்தம் வரத்தானே செய்யும்?"

"சத்தம் வந்தா ஜனங்க கூடுவாங்க."

நான் தொப்பியைக் கழற்றி மணியை வணங்கினேன். கடல்வரை கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தவர்கள், ஒரு மணியோடு அதன் நாக்கைச் சேர்க்க மட்டும் பயப்படுகிறார்கள்.