எதிரணி கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. உங்கள் மாமியாரின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் அணியோடு பயிற்சி முகாமுக்குப் போனதிலிருந்து உங்கள் மனைவி, அதாவது என் மகள், இங்கேதான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று அடுக்களைக்குள் போய்ச் சிரிக்கிறாள். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கால்பந்துக் கழகம் இந்த சீசனில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மில் அணியை ஜெயித்தால் கோப்பையும் நமக்கு, முதல் டிவிஷனில் இடமும் நமக்கு. இதற்கு முன் செய்தித்தாளில் நம் கழகத்தைத் தேடுகிறவர்கள் பட்டியலைக் கீழேயிருந்துதான் படிப்பார்கள். கழகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் மருந்துக்கடைக்காரரும், இந்தத் தடவை மேலே ஏறாவிட்டால் கலைத்துவிடுவேன், இனி என் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட கழகத்தை நீங்கள் பயிற்சியாளராக வந்த முதல் வருஷமே இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையாக இருந்தும் சொல்கிறேன்.

இனி என் குறை. இந்தக் கழகத்தைத் தொடங்கியவர்களில் இன்று நடமாடிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். கால்பந்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே பார்த்து, நானே யோசித்து, நானே விழுந்து கற்றுக்கொண்டேன். கார் ஓட்டக் கற்றதும் அப்படியேதான். பிறகு டிரைவிங் ஸ்கூல் வைத்து ஊரில் பாதிப் பேருக்கு அதைக் கற்றும் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் "நில்லு!" என்று ஒரு சத்தம் போட்டால் மாணவனின் கால் அவன் மூளையிடம் அனுமதி கேட்காது. நேரே பிரேக்கில் போய் நிற்கும். தொழிலை விட்ட பிறகும் அந்தக் குரல் என்னை விடவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் நான் பலமாகத் தும்மினால் இரண்டு ஸ்கூட்டராவது நின்றுவிட்டுத்தான் போகும். அந்தக் குரலைத்தான் இத்தனை வருஷமாக நம் பெஞ்சுக்குப் பின்னால் நின்று கழகத்துக்குக் கொடுத்தேன். கோல்கீப்பர் என்பவன் வீட்டுக்காரன் மாதிரி. ஆள் வரும்போது வாசற்காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கலாமா, நாலடி எதிர்கொண்டு போக வேண்டாமா? அதனால் "வெளியே வா!" என்பேன். நம் கோல்கீப்பர் கொக்கும் வெளியே வருவான். தோற்றோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் காற்று, நடுவர், சரிவான மைதானம் என்று தனித்தனிக் காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் வந்தீர்கள். முதல் ஆட்டத்தன்று நான் வழக்கமான இடத்தில் போய் நின்றபோது என் கையைப் பிடித்து, "மாமா, இனிமே நீங்க வெயில்ல நிக்கவே கூடாது. உங்களுக்குன்னு தனியா நாற்காலி போட்டிருக்கேன்" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க மாப்பிள்ளை?" என்றேன். "அதோ" என்று மைதானத்தின் அந்தக் கோடியைக் காட்டினீர்கள். "அங்க அவங்க கோல்தானே இருக்கு?" என்றேன். "அங்கேர்ந்து பார்த்தாதான் மாமா ஆட்டம் முழுசாத் தெரியும்" என்றீர்கள். சம்பந்தி வீட்டாரும் பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறுகின்றனவே, நம் கோல் இப்போது இந்தப் பக்கம் வரும், நானும் நம்மவர்களோடு சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து, எழுந்திருக்கக்கூட விடாமல், நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் எதிரணியின் கோலுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

எங்கே உட்காரவைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கண்ணெதிரே ஒருவன் தப்பாக நிற்கிறான். ரிவர்ஸில் சுவரைப் பார்த்துப் போகிறவன் வேறு டிரைவிங் ஸ்கூல் மாணவன் என்பதற்காகச் சும்மா இருப்பேனா? எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து "வெளியே வா!" என்றேன். திடுக்கிட்டு வெளியே வந்தான். நம் முன்வரிசை ஆட்டக்காரன் பம்பரம் பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டான். அவர்களுடைய தடுப்பாட்டக்காரனைப் பார்த்து "நில்லு!" என்றேன். ஆணி அடித்த மாதிரி நின்றான். நம் ஆள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போட்டான். நின்றது வரை சரிதான், நின்ற பிறகு என்ன செய்வது என்று அவனல்லவா யோசித்திருக்க வேண்டும்? வேறோர் ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் திரும்பி, "பெரியவரே, நீங்க யாரு எங்களுக்குச் சொல்றதுக்கு?" என்று முறைத்தான். "யாரா இருந்தா என்னடா, இடது பக்கம் போ!" என்றேன். முறைத்துக்கொண்டே இடது பக்கம் போனான். பந்து வலது பக்கம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் பந்துதான் தப்பாக வந்தது.

இப்படி ஆட்டத்துக்கு ஆட்டம் நம்மவர்கள் ஜெயித்து அந்தக் கோடியில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நான் இந்தக் கோடியில் தோற்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அழுகிற கோல்கீப்பர்களைத் தட்டிக்கொடுப்பதே எனக்கு வேலையாகப் போய்விட்டது. நடுவில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வராமல் போன அன்று ஆட்டம் கோல் இல்லாமல் டிராவில் முடிந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே கூட்டம். நீங்கள் தேன் கொண்டுவந்தீர்கள். மருந்துக்கடைக்காரர் கடையில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொக்கு அடுப்படியில் நின்று வெந்நீர் வைத்தான். நான் வாய் கொப்பளிப்பதை அணி முழுவதும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் மாமியார், "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்தத் தொண்டைக்கு இப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததில்ல. இத்தனை நாளா இது கொஞ்சம் ஓயாதான்னுதான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். பாசம் இருக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

அரையிறுதி அன்று எனக்குப் பொறுக்கவில்லை. நானே நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து நம் கோலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கொக்குவின் முகம் வெளுத்துவிட்டது. மகிழ்ச்சியில் சிலருக்கு அப்படி ஆகும். "வெளியே வா!" என்றேன், வந்தான், கோல் விழுந்தது. அது அவன் வந்த வேகம் போதாததால். இடைவேளையில் பக்கம் மாறியதும் நானும் நாற்காலியோடு நம் கோல் இருக்கிற பக்கமே போனேன். நீங்கள் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தீர்கள். "மாமா, அந்தப் பக்கம்தான் மாமா நிழல்!" என்றீர்கள். "மேகமா இருக்கு மாப்பிள்ளை, ஊரே நிழலாத்தான் இருக்கு" என்றேன். "உங்க பொண்ணு மேல ஆணையா அங்க வாங்க மாமா" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் நான், அதற்கு மேல் என்ன பேசுவது? போனேன். இரண்டாம் பாதியில் நம்மவர்கள் மூன்று கோல் போட்டார்கள். பத்திரிகைக்காரர் வந்து அணியைப் படம் எடுத்தபோதும் நான் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன்கூட இருக்கிறான். நான் இல்லை. அந்தப் பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோபத்தை ஆறவிடக் கூடாது என்பதற்காக.

இனி கவனமாகப் படியுங்கள். நேற்று மில் அணியின் மேனேஜர் காரில் வந்து நம் வாசலில் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். "ஐயா, உங்க டீம் ஆடினதையெல்லாம் நாங்க உட்கார்ந்து பார்த்தோம். ஒரு விஷயம் நல்லாப் புரிஞ்சுபோச்சு" என்றார். "என்ன புரிஞ்சுது?" என்றேன். "அந்த டீமோட மூளை பெஞ்சுல இல்ல, நாற்காலியில இருக்கு" என்றார். "ஜெயிக்கிற டீம் ஒரு பெரியவரை நாற்காலியோட தூக்கிக்கிட்டு ஓடுதுன்னா, சும்மாவா ஓடும்?" ஞாயிற்றுக்கிழமை நான் அவர்களுடைய பெஞ்சில், அவர்களுடைய பயிற்சியாளர் பக்கத்திலேயே, தலைமை ஆலோசகராக உட்கார வேண்டுமாம். மெத்தை வைத்த இருக்கை, மேலே குடை, கழுத்தில் அட்டை. "எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு உங்ககிட்ட வண்டி கத்துக்கிட்டவங்கதான் ஐயா. உங்க குரலைக் கேட்டா மறுபேச்சே கிடையாது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை, என்னை மூளை என்று இந்த ஊரில் முதன்முதலாகச் சொன்னவர் எதிரணி ஆள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் முடிவு இதுதான். ஞாயிற்றுக்கிழமை நம் பெஞ்சில், உங்கள் பக்கத்தில், எனக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் நான் மில் பெஞ்சில் உட்காருவேன். இதை மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். முதல் டிவிஷன், முதல் டிவிஷன் என்று என்னோடு சேர்ந்து கனவு கண்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அது நடக்கிற அன்று நம்மவர்கள் நடுவே அவர்கள் சார்பில் ஒருத்தனாவது உட்கார்ந்திருக்க வேண்டாமா? நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். "சரிங்க மாமா" என்பது பதிலாகாது.

நீங்கள் சாப்பாட்டு வேளை தவறாமல், கோபம் இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். என் மகளும் உங்களோடு அப்படியே இருக்க வேண்டும். உங்கள் மாமியார் ஆசி சொல்லச் சொன்னாள். நம் பையன்கள் எல்லாருக்கும் என் அன்பு. கொக்குவுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
மனம் நொந்த உங்கள் மாமனார்

பின்குறிப்பு: துவைத்த துணிகளோடு இதையும் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கச் சொல்லி உங்கள் மனைவியிடம் நீட்டினேன். உறையை ஒட்டுவதற்குள் எடுத்துப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, உங்களை அங்க உட்கார வெச்சதே நீங்க கத்தணும்னுதான்பா. நீங்க சொன்னா அவங்க கேக்கறாங்க. கேட்டா கோல் விழுது" என்றாள். உங்கள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்கு முதல் ஆட்டத்துலேயே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்தாள். மில்காரர்களைத் தவிர ஊருக்கே தெரியுமாம்.

என் யோசனைகள் தவறு என்பதை இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றுக்கு ஏற்ற கால்கள் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு மில் மேனேஜருக்குப் போன் போட்டேன். "வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். நான் ஒண்ணு சொன்னா ஒருத்தனும் ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது" என்றேன். "நீங்க சொல்றதுதான் ஐயா சட்டம்" என்றார். அவர்களுக்கு நான் துரோகம் செய்யமாட்டேன். எனக்குச் சரியென்று பட்டதை மட்டும், முழு மனதோடு, ஆட்டம் முடிகிற வரை, தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பேன். அதனால் நம் பெஞ்சில் எனக்காக இடம் போட வேண்டாம். மேலே எழுதியதில் வாழ்த்தையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள்.

கொக்குவின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்து அனுப்புங்கள். அவன் என் குரலுக்குப் பழகியவன். நான் எந்தப் பெஞ்சில் இருந்து கத்தினாலும் வெளியே வந்துவிடுவான்.