பதினெட்டுக் கிழட்டு எலிகளின் துணிச்சல்

இருபத்து மூன்று நாள், நான்கு மணி நேரம். முதுமையின் பயத்தை மனித குலத்திடமிருந்து ஒழிக்க, நத்தம் சாலையில் உள்ள அந்த மருந்தியல் கல்லூரிக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. இத்தனை காலம் காத்திருந்தது உலகத்தின் தவறு.

ஆய்வு எளிமையானது. இடுப்பு உயரத்தில், கூட்டல் குறி போல ஒரு பலகை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு மொட்டை. பயந்த எலி சுவரோரம் பதுங்கும். துணிந்த எலி மொட்டைக் கையில் உலாவும். இளசு பதினெட்டு, கிழடு பதினெட்டு. எல்லாவற்றுக்கும் பதற்றம் தணிக்கும் ஊசி, ஒரே அளவில்.

“கிழட்டு எலிக்கு அளவைக் குறைக்கலாமா சார்?” என்று ஆய்வு மாணவி கிளாரா முதல் நாளே கேட்டாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பேராசிரியர் சகாயராஜ் அதைப் ‘பரிசீலனையில்’ வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாளிலிருந்து முதியோர் கூண்டு எலிகள் மொட்டைக் கையில் ஓட்டப்பந்தயமே நடத்தின. ‘இளமை மீட்பு’ என்று பெயர் சூட்டினார் பேராசிரியர்.

எலிக்கூடத்துப் பொறுப்பாளர் அழகர் வியக்கவில்லை. ஓர் எலி குறைந்தால் ஏழு கையெழுத்து, மூன்று நகல், ஒரு விளக்கக் கடிதம் என்பது கல்லூரி விதி. அவருடைய பதினோரு ஆண்டுப் பணியில் கணக்கில் ஓர் எலிகூடக் குறைந்ததில்லை.

“அண்ணே, சார்கிட்ட சொல்லிரவா?” என்று அவரிடம் கேட்டாள் கிளாரா.

“சொல்லு தாயி. கேட்ட அதிர்ச்சியில சார் போயிட்டாகன்னா, ஒன் தீசிஸ்ல கையெழுத்த அவுக ஆவியா வந்து போடும்?”

நான்கு வருட உழைப்பு. கிளாரா வாயை மூடிக்கொண்டாள்.

பாராட்டு விழாவில் தாளாளர் பெருமாள்சாமி சட்டைக் கையை மடித்தார். கீரனூர்க்காரர், எழுபத்தெட்டு வயது, லிஃப்டைக் கண்டால் நடுங்குபவர். முதல் ஊசி தமக்கே என்று அவரே அறிவித்திருந்தார்.

“ஏனுங்க சார், வலிக்குமுங்களா?”

“இதுவரைக்கும் ஒரு எலிகூடப் புகார் சொல்லலைங்கய்யா.”

கூட்டம் கைதட்டியது. பேராசிரியர் ஊசியை உயர்த்தி, அதிலிருந்த காற்றை வெளியேற்றினார். தட்டு ஏந்தி நின்ற கிளாரா தட்டைக் கீழே வைத்தாள். மைக்கைப் பிடித்தாள். அது கீச்சென்று கத்தியது. அதைவிடச் சத்தமாக அவள் சொன்னாள்:

“வேணாங்கய்யா! ஓடுனது பூராம் மாத்தி வச்ச எளசு. கிழட்டு எலி பதினெட்டும் மொத ஊசியிலயே செத்துப்போச்சு!”