படுத்துக்கொண்டே பறக்கப் போகிறவர்

நம் புதுச்சேரிக் கொம்யூன் கிராமங்களில் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. மைல்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். விமானத்தில் ஏறியிருக்கிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள், மனம் புண்படும். இவர் ஏறப்போகிறவர். உங்களையும் என்னையும் போல முழங்காலை முன்சீட்டில் இடித்துக்கொண்டு அல்ல. திரைச்சீலைக்கு முன்னால், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, அதுவும் காசுக்கு அல்ல, பாயின்ட்டுக்கு.

பாயின்ட் எப்படிச் சேரும்? கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தேய்க்க விமான மைல்களாகச் சேரும். ஆகவே மைல்காரர் தன் செலவோடு நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் யூரியா வாங்கினாலும், எதிர்வீட்டில் போர் மோட்டார் எரிந்து புதிது எடுத்தாலும், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பாண்டியில் புடவை எடுத்தாலும், பெண்ணின் தாய்மாமனுக்கு முன்னால் கல்லா எதிரே இவர் நிற்பார். "என் கார்டுல போட்டுக்கபா, ரொக்கத்த என் கையில குடுத்துடு." அந்தக் கல்யாணத்தில் மனுஷர் வாழ்த்தியது மணமக்களையா, கார்டு மெஷினையா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் கிருமாம்பாக்கத்துப் பச்சையப்பன். ஆறு ஏக்கர் கரும்பு, ஆறு லட்சம் பாயின்ட். பாண்டிக்குப் போகும்போதெல்லாம் பஸ் படியில் ஒற்றைக்காலில் தொங்குவார். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன், அந்த நிலையில் ஆகாயத்தில் படுக்கை தேடுவார். "உள்ள போ சார், எடம் கீது" என்று கண்டக்டர் தொண்டை வறண்டுபோவார். உள்ளே போனால் சிக்னல் போய்விடுமே.

இவருடைய ஒரே மகள் செல்வகுமாரி பாரீசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். தலைப்பிரசவம். மூன்றாம் மாதமே அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். "நீ பக்கத்துல இருந்தா போதும்மா. எனக்கு பயமா கீது." கஸ்தூரியம்மா அன்றைக்கே பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினார். இரண்டு பேருக்கும் விசா வந்தது. சாதாரண டிக்கெட் எடுத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். மைல்காரர் எடுப்பாரா?

ஒரு சீட் கிடைக்கும், இரண்டு கிடைக்காது. இரண்டு கிடைக்கும், ஆனால் கொழும்பிலிருந்து. சென்னையிலிருந்தே கிடைக்கும், நடுவில் ஏதோ பாலைவன ஊரில் பத்தொன்பது மணி நேரம் உட்கார வேண்டும். எல்லாம் அமைந்து வரும், சீட் முழுதாகப் படுக்காது, கொஞ்சம் சரிவாக நிற்கும். "சரிவுல படுத்தா வழுக்கும்டி" என்று அதையும் விட்டார். ஐந்தாம் மாதம் போயிற்று. ஏழாம் மாதமும் போயிற்று. கஸ்தூரியம்மா மூட்டை கட்டிய வத்தலும் பிரசவ மருந்தும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. "கடைசி பதினஞ்சு நாள்ல ஏர்லைன்ஸ்காரன் மிச்ச சீட்ட கொட்டுவான் பாரு" என்றார் இவர்.

கொட்டினான். பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, சென்னையிலிருந்து பாரீசுக்கு அடுத்தடுத்து இரண்டு படுக்கை. பச்சையப்பன் கட்டைவிரலைப் பட்டன்வரை கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? அமுத்துங்க."

"ராகு காலம்டி. பன்னண்டு ஆவட்டும். பிரசவத்துக்குப் போற காரியம்."

"அந்த கம்ப்யூட்டர் கீற ஊர்ல இன்னும் பொழுதே விடியல. அங்க ஏதுங்க ராகு காலம்?"

"நம்ம வூட்டுல இருந்துதான அமுத்தறோம்?"

பதினொன்றே முக்கால் வரை இரண்டு படுக்கையும் இருந்தன. பன்னிரண்டு அடித்ததும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அமுக்கினார். இரண்டும் போயிருந்தன. காலண்டர் இல்லாத வீட்டில் யாரோ அமுக்கிவிட்டார்கள்.

கஸ்தூரியம்மா புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய், ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, கடைசி வரிசையில் கழிவறையை ஒட்டி ஒரு நடு சீட்டை வாங்கி வந்தார். "எனக்கு உக்காந்துகினு போவத் தெரியும். நீங்க படுத்துகினே வாங்க." பேத்தி பிறந்ததும் முதலில் கையில் வாங்கியது அவர்தான். போட்டோ வந்தபோது பச்சையப்பன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், மனுஷருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போகும்போது ஒரு சீட், திரும்பும்போது மனைவியோடு இரண்டு சீட் என்று தேடல் இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது.

போன வாரம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீடியோ காலில் கஸ்தூரியம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டினார். "தாத்தாவுக்கு சிரிச்சி காட்டுடி." இரண்டு மாதக் குழந்தை, முதல் சிரிப்பு, உதடு கோணுகிறது, வந்துவிட்டது என்கிற நேரத்தில் திரையின் உச்சியில் ஓர் அறிவிப்பு: சீட் இருக்கிறது. பச்சையப்பன் அதைத் தட்டினார். பேத்தி மறைந்தாள். அவர் திரும்பி வருவதற்குள் குழந்தை சிரித்து முடித்துத் தூங்கியிருந்தது. சீட்டா? சரிவு ரகம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பாயின்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். பீரோ மேல்தட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காத டின்னர் செட் ஒன்று இருக்கிறதே, அது எந்த விருந்தாளிக்கு? நல்ல நேரமாகப் பார்த்துப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருவரைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறீர்களே, அவர் எத்தனை நாளைக்கு அங்கே இருப்பார்? கழிவறைப் பக்கத்து நடு சீட் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன்.