ஸ்பிரிங் சாமியும் நான்கு பிளாஸ்டர் துண்டுகளும்

பதுளை முழுக்க ஸ்பிரிங் சாமியைப் பற்றித்தான் பேச்சு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், மூடிக் கிடந்த மர ஆலை முற்றத்தில் அவர் எழுந்தருளியிருந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தே காரின் ஜாதகம் கணிப்பாராம். மந்திரம் ஓதினால் இரும்பு ஸ்பிரிங் பூவாய் இளகுமாம். பண்டாரவளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் கார்கள் வந்து வரிசை கட்டின. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமே இல்லை. ஏமாறுவதில் மட்டும் நமக்குள் என்ன அருமையான ஒற்றுமை!

அந்த வரிசையில் தினுஷனும் மனைவி கம்சலாவோடு நின்றான். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பது அவன் தொழில். சிரிக்காதீர்கள், அவனே பிறகு போதுமான அளவு சிரித்துவிட்டான்.

மறுநாள் மைதானத்தில் கார்ப் போட்டி. கூம்புகளைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டி, குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வெற்றி. மூன்று முறை ஓடி மூன்று முறையும் கடைசியாக வந்தவன் தினுஷன். இம்முறை மாணவர்கள் வேறு பார்க்க வருகிறார்கள். வீட்டுக் கார் பிரிவில் ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது, காரைத் தாழ்த்தக்கூடாது. குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோபரை மட்டும் மாற்றலாம். அவனுடையவை எண்ணெய் ஒழுகும் கிழடுகள். கையிலிருந்த பணத்துக்கு இரண்டுதான் வரும். முன்னுக்கா, பின்னுக்கா? எண்ணெயா, கேஸா? நான்கு மாதம் படித்துக் குழம்பியதுதான் மிச்சம். கடைசியில் விதிப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினான். மந்திரத்துக்குத் தடை எங்குமே இல்லை! தன் புத்திக்கூர்மையைத் தானே மெச்சிக்கொண்டான்.

"ஒழுகுற ஷொக்கோட வளைவுல திரும்பினா கார் கவிழும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் கம்சலா. அவள் ஆஸ்பத்திரித் தாதி.

"சாமி பார்த்துக்குவாரு."

ஜாதகம் கணிக்கவென்று காரை ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார் சாமி. கார் கல்லாய்க் குதித்தது.

"பார்த்தீங்களா, சனி ஸ்பிரிங்குல உட்கார்ந்திருக்கான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கம்சலா காருக்குள் கிடந்த காற்றழுத்த மீட்டரை எடுத்து டயரில் வைத்தாள்.

"என்னங்க, காலையில முப்பது இருந்துச்சு. இப்ப நாப்பத்தெட்டு."

"வெயிலுக்குக் காத்து விரியும் கம்சலா. அது விஞ்ஞானம்."

அன்று விடியற்காலையிலிருந்தே தூறல்.

அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து நான்கு டயர்களின் வால்வுகளையும் மூடி ஒட்டினாள். மேலே பேனாவால் கையெழுத்தும் போட்டாள்.

"என்னம்மா இது?" சாமியின் குரல் தடுமாறியது.

"மந்திரம் ஸ்பிரிங்குக்குத்தானே சாமி? டயரை மூடினா உங்களுக்கு என்ன? ஓதுங்க."

கண் படாமலிருக்க காரைத் தார்ப்பாயால் மூடினார்கள். சாமியின் சீடர் சாம்பிராணியோடு அதற்குள் நுழைந்தார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடியும் பூஜை இருபது நிமிடம் நீண்டது. சீடர் தலையை நீட்டிச் சாமியைப் பார்த்தார். சாமி வானத்தைப் பார்த்தார்.

தினுஷன் ஓட்டினான். அதே கல். தலை கூரையில் இடித்தது.

"நம்பிக்கையில்லாதவங்க நிக்கிற இடத்துல மந்திரம் பலிக்காது!" என்றார் சாமி.

கம்சலா பிளாஸ்டரை உரித்தாள். ஒவ்வொரு வால்வாக அழுத்திக் காற்றை முப்பதுக்கு இறக்கினாள். "இப்ப ஓட்டுங்க."

கார் பூவாய்ப் போனது. தினுஷனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. காற்றை ஏற்றுவதும் அவர்கள், பூஜையென்று இறக்குவதும் அவர்கள். நடுவில் தட்சிணையை நீட்டிக்கொண்டு நின்றது ஒரு விஞ்ஞான ஆசிரியர்!

கூட்டம் தங்கள் டயர்களைப் பார்க்க ஓடியது. அந்தச் சந்தடியில் சாமியும் சீடரும் பின்வேலியைத் தாண்டினார்கள். தினுஷன் பணத்தை எடுத்துக்கொண்டு ஷுக்ரி நானாவின் உதிரிப்பாகக் கடைக்குக் கிளம்பினான். முன்னுக்கு இரண்டு ஷொக் என்று முடிவெடுக்க அவனுக்கு இப்போது ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அப்போது ஒருவர் ஓடிவந்து கம்சலாவைக் கும்பிட்டார். "தங்கச்சி, காத்தை இறக்கும்போது மனசுக்குள்ள என்ன மந்திரம் சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னால், தினுஷனுக்கும் அதே சந்தேகம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது.

"'யோசி'ன்னு சொன்னேன்" என்றாள் கம்சலா. "சொல்லிப் பாருங்க அண்ணே. ஒத்தச் சொல்லுதான். ஆனா இந்த ஊர்ல ஒருத்தர் வாயிலயும் வரமாட்டேங்குது."